நைனா போட்ட வீடியோ

அன்புள்ள நைனாவுக்கு,

நடுராத்திரியில் மெயில் போடுவதற்கு மன்னியுங்கள். போனில் பேசத் தைரியமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா ஜினிஷா பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறாளா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. போரையும் இறக்குமதி வரியையும் எதிர்த்து நான் இங்கே கல்லூரியில் பேசிய வீடியோவை, "எம் பொண்ணு அமெரிக்காவையே கேள்வி கேக்குது பாரு!" என்று செஞ்சியே பார்க்க பேஸ்புக்கில் போட்டீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அப்படிப் பேசிய பக்கத்து அறைப் பெண்ணின் விசா ரத்தாகிவிட்டது. அவள் விட்டுப்போன கடிகாரத்தில் இன்னும் தினமும் விடிகாலை அலாரம் அடிக்கிறது. யார் கதவைத் தட்டினாலும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

பேசியது தப்பில்லை நைனா, இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா தெரியவில்லை. அம்மா பொங்கலுக்கு வருவாள் என்று பாப்பாவிடம் சொல்லாதீர்கள்.

வீடியோவை எடுத்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

நீலாஞ்சனா