போர்ட்டாலெஸில் ஒரு படுக்கையறை வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டு வீடு பார்த்தேன். இரண்டும் வீடு இல்லை. டாக்டோரெஸ் பேட்டையில் பார்த்ததற்கு 'ஒரு படுக்கையறை வீடு' என்று பெயர். படுக்கையறை என்பது மாடிப்படிக்கு அடியில் தொங்கிய ஒரு திரை. "இதுல யாரு படுப்பாங்க?" என்று கேட்டேன். தரகன் கூசாமல், "ஒல்லியா இருக்கிறவங்க" என்றான். ரோமா பேட்டையில் பார்த்தது நல்ல இடம்தான். வாடகையை டாலரில் சொன்னார்கள். எனக்குச் சம்பளம் பெசோவில் வருகிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

கிடைக்கும். பதினாலு வருஷமாக இந்த மெக்சிகோ நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறேன். எஹே சென்ட்ரல் சாலையில் எந்த ஜன்னலில் திரைச்சீலை மாறியது என்பதுகூடத் தெரியும். வாடகை அட்டை ஒன்று தொங்கினால் என் கண்ணில் படாமல் போகாது.

மார்ச் 6, வெள்ளி

தம்பி ருத்திலியோவிடம் சாப்பிடும்போது சொன்னேன். சிரித்தான். "நாப்பத்தெட்டு வயசுல தனிக்குடித்தனமா அக்கா? இங்க உனக்கு என்ன குறை?"

குறையா? ஆறு வருஷமாக இஸ்தபலாபாவில் அவன் வீட்டுக் கூடத்து சோபாவில் படுக்கிறேன். அவன் கால்பந்து பார்த்து முடித்தால்தான் எனக்குத் தூக்கம். மதியம் வேலை முடிந்து வந்தால் அவன் பிள்ளைகளுக்குச் சமையல். அவன் மனைவி கிரிசெல்தா தையல் ஆலையிலிருந்து வர ஏழு மணி ஆகும்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பினால் அவளுக்கு நிம்மதிதான், வேறென்ன?

மார்ச் 8, ஞாயிறு

சந்தையில் நல்ல செருப்பு ஒன்று வாங்கினேன். வீடு தேட நடக்க வேண்டுமே.

மார்ச் 11, புதன்

பார்த்துவிட்டேன்!

போர்ட்டாலெஸ் அருகே, வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் கொம்பு மேல்கம்பியிலிருந்து கழன்று, வண்டி நின்றுவிட்டது. உள்ளே எல்லோரும் முனகினார்கள். இறங்கிக் கயிற்றை இழுத்துக் கொம்பை மாட்டும்போது மேலே பார்த்தேன். இரண்டாம் மாடி, மஞ்சள் சுவர், வாடகைக்கு என்று அட்டை. வேலை முடிந்ததும் சீருடையோடு போய் நின்றேன்.

வீட்டுக்காரர் பெயர் அபுந்தியோ; மரியாதைக்கு டான் அபுந்தியோ. கீழே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

"புருஷன் என்ன பண்றாரு?"

"தெரியாது. பன்னெண்டு வருஷம் முன்னாடி இறங்கிட்டாரு. பஸ்ஸை நான்தான் ஓட்டுறேன்."

அவர் மீசை அசைந்தது. மேலே கூட்டிப்போனார். கதவு வைத்த படுக்கையறை. சின்ன சமையலறை, காலை வெயில், குழாயைத் திறந்தால் தண்ணீர். வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கும். ஒரே ஒரு நிபந்தனை. "ஊருக்குள்ள சொந்த வீடு இருக்கிற ஒருத்தர் ஜாமீன் போடணும். பத்திரத்தோட சனிக்கிழமை பத்து மணிக்கு வரணும். இல்லேன்னா அட்டை திரும்பத் தொங்கும்."

மார்ச் 12, வியாழன்

ருத்திலியோ சரி என்றுவிட்டான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான், ஆனாலும் சொன்னான்.

மார்ச் 14, சனி

வரவில்லை. பத்தேகால், பத்தரை, பதினொன்று... ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் பண்ணினால் முதலில் வண்டி பஞ்சர் என்றான். அப்புறம் உண்மை வந்தது. "நீ போயிட்டா மத்தியானம் பசங்களுக்கு யாருக்கா சாப்பாடு போடுறது?"

அடப்பாவி. நான் அக்காவா, ஆயாவா? மாட்டேன்னா வியாழக்கிழமையே மாட்டேன்னு சொல்றதுக்கு என்ன?

அழவில்லை. டான் அபுந்தியோவிடம் போனேன். "திங்கக்கிழமை வரைக்கும் அட்டையை மாட்டாதீங்க."

"எதுக்கும்மா?"

"நான் ஆளோட வருவேன்."

"பஸ்காரங்க சொன்ன நேரத்துக்கு என்னிக்கு வந்திருக்காங்க?"

"என் பஸ் வரும்."

அட்டையை மேசைக்குள் போட்டார். யாரைக் கூட்டிப்போகப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 15, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிரிசெல்தா பின்னாலேயே வந்தாள்.

"அவனை ஏன்க்கா கேட்டீங்க? வீடு என் பேர்ல இருக்கு. எங்கப்பா எழுதி வெச்சது."

ஆறு வருஷம் அதே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. 'தம்பி வீடு' என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"நான் போனா போதும்னு நீ நினைக்கிறதா நினைச்சுட்டு இருந்தேன், கிரிசெல்தா."

"ஆமா, போகணும்னுதான் நினைச்சேன். கோவத்துல இல்ல. உங்க இடத்துல நான் இருந்தா என்னிக்கோ போயிருப்பேன்." ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு?"

மார்ச் 16, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது.

கிரிசெல்தா உதட்டுச் சாயம் பூசி, பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தாள். டான் அபுந்தியோ ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"என் நாத்தனார்" என்றாள் கிரிசெல்தா.

கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாத்தனாருக்கு ஜாமீனா? முப்பது வருஷமா வாடகைக்கு விடுறேன். இப்பத்தான் பாக்குறேன்."

சாவி கனமாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

குடிவந்தேன். பணிமனையிலிருந்து மூன்று பேர் வந்து மெத்தையை ஏற்றிக் கொடுத்தார்கள். ருத்திலியோ வெளியே வந்து வழியனுப்பவில்லை. பிள்ளைகள் தெருமுனை வரை கையசைத்தார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பதினொரு மணிக்கு கிரிசெல்தா வந்தாள். பிள்ளைகள் இல்லை, கைப்பை மட்டும். சோள மாவில் அவித்த தமால் வாங்கி வைத்திருந்தேன். நான்கு சாப்பிட்டாள். நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கம் அவளுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் போன் அடித்தது. எடுக்காமல் என்னிடம் நீட்டினாள். தம்பிதான்.

"அக்கா... பீன்ஸ் வெந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?"

என்னோடு அவன் பேசி ஒரு மாதம் ஆகிறது. கிரிசெல்தாவைப் பார்த்தேன். வாயில் தமாலோடு, "தின்னு பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். "அப்படியா, சரி" என்றான். குரலில் கோபம் இல்லை. அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தமும், பிள்ளைகள் கத்துவதும் கேட்டது.

பிறகு அவள் என் கட்டிலில் ஐந்து நிமிஷம் சாய்கிறேன் என்று சொல்லிப் படுத்தாள். மணி மூன்றாகிறது. இன்னும் எழுப்பவில்லை.