அசனச் சோறும் லில்லியின் வயிறும்

அன்பு மகன் ஹெப்ரானுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் பாளையங்கோட்டையில் நானும் அப்பாவும் சுகம். ஆக்லாந்தில் நீயும் மருமகள் ஜெசியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி ஏசப் போகிறேன். போனில் ஏசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு நீ வராமல் ஒரு நாய்க்குட்டியை வாங்கி அனுப்பினாய். நானா கேட்டேன்? வந்த நாளிலிருந்தே லில்லிக்கு வயிறு சரியில்லை, பால் ஊற்றினால் பேதி. நீயோ அங்கே இருந்தபடியே ஆர்டர் போட்டு, ஒரு தீனிப் பை தீருமுன் வேறொரு தீனி அனுப்பினாய். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குட்டி வயிறு இத்தனை மாற்றம் தாங்காதாம், புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பழக்க வேண்டுமாம். அதுவரைக்கும் குழைய வடித்த சோற்றில், உப்பு போடாமல் அவித்த கோழியை எலும்பில்லாமல் பிசைந்து, சின்னச் சின்ன வாயாகப் பல தடவை கொடுக்கச் சொன்னாள். அப்படியே கொடுத்தேன், தேறி வந்தது.

அதைக் கெடுத்தவர் உன் அப்பா. கோயில் பண்டிகையில் சபையார் எல்லோருக்கும் ஆக்கிப் போடும் அசனத்தில் தூக்குச்சட்டி நிறைய சோறும் ஆட்டுக்கறியும் வாங்கி வந்தார். அசனச் சோற்றைக் கொட்டினால் பாவமாம். நான் பெண்கள் சங்கத்தோடு பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்து மிச்சத்தை லில்லிக்கு வைத்துவிட்டார். கேட்டால், "ஜெபம் பண்ணுன சோறுட்டி, ஒண்ணும் செய்யாது" என்கிறார். கொழுப்பும் மசாலாவும் ஜெபத்துக்கு அடங்குமா? சாயங்காலத்துக்குள் வாந்தி, இரத்தமாகப் பேதி. ஆட்டோவில் என் மடியில் ஈரத்துணியாகக் கிடந்தது. மாட்டாஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும்போது மனுஷர் வாசலில் முழங்கால் போட்டார். போதும் உங்க ஜெபம் என்று சொல்லியேவிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். இன்னும் அவரோடு பேச்சு இல்லை, தட்டைத் தள்ளி வைக்கிறேன், சாப்பிடுகிறார்.

அவரை ஏசி முடித்துவிட்டேன், இது உன் முறை. அங்கே நின்று பதறிப்போய் உனக்குப் போன் போட்டால், "செத்தா சாகுதும்மா, வேற ஒண்ணு வாங்கி அனுப்புதேன்" என்றாயே. எப்படிலே வாய் வந்தது உனக்கு? செருப்பா அது, அறுந்தால் வேறு வாங்க?

இன்று காலையில் லில்லி கஞ்சித் தண்ணீரை நக்கிக் குடித்தது, வாலையும் ஆட்டியது. அழுதுவிட்டேன். இனி நீ தீனிப் பை எதுவும் அனுப்பாதே. நீங்களும் கண்டதை வாங்கித் தின்னாமல் சமைத்துச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ பிறந்தபோது உன் வயிற்றிலும் எதுவும் தங்கவில்லை. குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். வேற ஒண்ணு பெத்துக்கோ என்று அன்றைக்கு எவளாவது என்னிடம் சொல்லியிருந்தால், அவள் நாக்கை இழுத்து வைத்து அறுத்திருப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
சாரம்மாள்