கொழுக்கட்டைக்குள் இருந்தது

புக்கிட் பெருவாங்
வியாழக்கிழமை

அன்பு மகள் தேவமலருக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நடக்கிறார். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன் கண்ணு, அதனால்தான் எழுதுகிறேன், படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

கோயில் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நான் பிரசாதம் செய்கிறேன் அல்லவா. போன மாதம் நீதான் சொன்னாய், வெள்ளைச் சீனி வேண்டாம்மா, கடையில் விற்கிற பீநட் பட்டரிலும் சீனியும் எண்ணெயும்தான், நீங்களே கடலையை வறுத்து பேரீச்சம்பழம் போட்டு அரைத்துக் கொடுங்கள் என்று. அப்படியே செய்தேன், மணம் வீடெல்லாம் நின்றது. ஆனால் உருண்டையாகக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் தொடுவதில்லை. திலகா மகன் யுவனேஸ்வரன், இரண்டாம் வகுப்பு, கடலை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான், இந்த வயதுவரை ஒன்றுகூடத் தின்றதில்லையாம். அடம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இந்த ஞாயிறு நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு கேழ்வரகு மாவில் கொழுக்கட்டை பிடித்து, எப்போதும் வைக்கிற தேங்காய்ப்பூவுக்கும் கூலா மலாக்காக் கருப்பட்டிக்கும் பதிலாக அந்த பீநட் பட்டரை உள்ளே வைத்து மூடி அவித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுக் கையில் கையில் கொடுத்தேன்.

நீ வேலை பார்க்கும் குழந்தைகள் சென்டரில் கடலையை வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்றும், உள்ளே என்ன இருக்கிறது என்று பெற்றவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள் என்றும் நீ சொன்னாய். அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு லா என்று சிரித்தது நான்தான்.

யுவனேஸ்வரன் ஒரு கடி கடித்தான். வாயிலேயே வைத்துக்கொண்டு, பாட்டி, உள்ள என்னமோ இருக்கு, துப்பிட்டு வரட்டா என்று கேட்டான். சாமி பிரசாதத்தைத் துப்பினால் பாவம், முழுங்கு என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே முழுங்கினான். தேவாரம் பாடி முடிப்பதற்குள் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு விசில் மாதிரி இழுக்க ஆரம்பித்துவிட்டது. கோயிலுக்கு வந்திருந்த மணியம் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, முருகா.

மறுநாளே எல்லாரும், அன்று பிள்ளைகளுக்கு மீனம்மா கலக்கிக் கொடுத்த ரோஸ் சிராப் தண்ணியைத்தான் சொன்னார்கள், அந்தச் சிவப்புச் சாயம்தான் என்று. அவள் கோயில் பக்கமே வரவில்லை. செவ்வாய் மாலை திலகா போன் செய்தாள். என்னென்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டாராம், சிராப்பும் தேங்காய்க் கொழுக்கட்டையும் என்று இவள் சொன்னாளாம். நான் வாயைத் திறக்கவில்லை மலர். அப்போதுதான் அவள் சொன்னாள், இனிமே சிராப்பே கெடையாதுக்கா, ஒடம்பு தேற காலையில ரொட்டியில பீநட் பட்டர் தடவிக் குடுக்கப் போறேன், போத்தல் வாங்கியாச்சு, சத்துதானே என்று. போனை வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடவும் பயம். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவளிடம் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

நேற்று விடிந்ததும் என்னென்ன போட்டேன் என்று எழுதி வைக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு திலகா வீட்டுக்குப் போனேன். பையன் சாப்பாட்டு மேசை அருகே உட்கார்ந்திருக்கிறான், முன்னால் தட்டில் தடவிய ரொட்டி. அதே வாசம் அடிக்குதும்மா, வேணாம்மா என்று தலையை ஆட்டுகிறான். ஒரே ஒரு கடி கடிச்சிக்கோடா, ரொம்ப ஆட்டம் காட்டாத என்று இவள் அவன் வாய்க்கு நேராகப் பிடித்திருக்கிறாள். கும்பிடக்கூட இல்லை, அவள் கையைத் தட்டிவிட்டேன். ரொட்டி தரையில் விழுந்தது. பிறகு நோட்டைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், துப்பவிடாததையும் சொன்னேன். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நின்றேன். அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தாள், டாக்டருக்குக் காட்ட. அப்புறம் மெதுவாக, ஆஸ்பத்திரியிலயே இவன் சொன்னான்க்கா, உள்ள வேற என்னமோ இருந்துச்சு, பாட்டிதான் முழுங்கச் சொன்னாங்கன்னு, சாமி சாப்பாட்டப் பத்திப் பொய் பேசுறியான்னு வாயிலேயே அடிச்சிட்டேன் என்றாள். ஊசி போட்ட பிள்ளையை கண்ணு. என்னால் வாங்கிய அடி.

மீனம்மா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கேதான் போகிறேன், அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். உங்கள் சென்டர் வாசலில் கடலை கூடாது என்று ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்த்துத் தமிழில் எழுதி பிரசாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மறந்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், முருகன் உங்கள் பக்கத்திலேயே இருப்பார். அவரிடம் நான் இனிமேல் கேட்கப்போவது ஒன்றுதான். ஒரு பிள்ளை துப்ப வேண்டும் என்றால் என் கையை நீட்ட வேண்டும், அதில் துப்பட்டும்.

உன் அம்மா,
மலர்க்கொடி தனபாலன்