றெபேக்காவின் சட்டையில் குத்தின நோட்டு

17 ஆவணி 2003
சார்ஸ் எண்டு சனம் வாயைக் கட்டித் திரிஞ்ச வருசம். டொரன்டோவும் நியூயோர்க்கும் மின்சாரம் போய் இருண்ட கிழமை. எங்கட மொன்றியலில் ஒரு பல்ப்கூட அணையவில்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மனுசி திரேசம்மா எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.

இன்று மாதா திருநாள் பந்தடி. என்ர பேத்தி, மகன் அன்டனின் பெட்டை றெபேக்கா, விளையாட வரமாட்டன் எண்டாள். செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிறாள். பந்தடிக்காகவே இலவசப் படிப்பு. கால் முறிஞ்சால்? நானும் எமிலியானுசும் சவிரிமுத்துவும் கிறிஸ்தோப்பரும், நாலு கிழடுகள், அவளோடை பேசி, எல்லாருமாகக் கோலுக்கு இருபது டொலர் எண்டோம். வந்தாள். மூன்று கோல். எதிர்த்து ஆடின டொரன்டோப் பிள்ளையள் இருட்டிலிருந்து வந்த களைப்பு, அதுவும் உண்மைதான். நோட்டுகளைச் சட்டையில் ஊசியால் குத்திப் படம் எடுத்தோம்.

18 ஆவணி
படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு அவளின் பெட்டிக்குள் வைத்தேன். மாதா படத்தைவிடப் பெரிசாம். திரேசம்மாவுக்குக் கோபம்.

6 புரட்டாதி
அந்தப் படம்தான் வினை. அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கூட விளையாடுகிறவள் கேட்க, இவளும் பெருமையாகச் சொல்ல, கதை விதிமுறை பார்க்கிற அலுவலகத்துக்குப் போயிட்டுது. கல்லூரிக்குப் பந்தடிக்கிற பிள்ளை காசு வாங்கக்கூடாதாம். வாங்கினால் இலவசப் படிப்பு போச்சு.

பயிற்சி குடுக்கிறவனுக்குச் சம்பளம். புல்லு வெட்டுகிறவனுக்குச் சம்பளம். இவளின் இலக்கம் போட்ட சட்டை கடையில் விலைப்படுகுது. ஓடுகிறவளுக்கு மட்டும் காசு தீட்டோ?

9 புரட்டாதி
ஆட்டம் முடிய அன்பில் குத்தினது எண்டால் மன்னிப்பு உண்டாம். முன்னமே பேசினது எண்டால் கூலி. வீட்டுக்கு வரவேண்டியதுதான். குத்தின நாலு பேரும் கடிதம் தரவேணும்.
"உண்மையைச் சொல்லுவம், அப்பப்பா" எண்டாள் றெபேக்கா, தொலைபேசியில்.
"உண்மையை நீ வைச்சிரு. கடிதம் எங்கட."

14 புரட்டாதி
பார்க் எக்ஸ்டென்ஷனில் கிறிஸ்தோப்பர் வீட்டில் கூடினோம். அன்டன் இங்கிலீசில் எழுதினான்: ஆரும் முன்னே பேசவில்லை. சவிரிமுத்து கோயில் மூப்பன். பேனையைப் பிடிக்கவே பயம். பொய்ச்சத்தியம், அண்ணை எண்டான்.
"சத்தியம் எண்டு எங்கை கிடக்கு? கடுதாசி எண்டுதானே கிடக்கு" எண்டான் கிறிஸ்தோப்பர்.
மூன்று கையெழுத்து. என்ர பெருவிரல் ஒண்டு. எனக்கு விசா தராத நாட்டுக்கு என்ர விரல் போகுது.

15 புரட்டாதி
நித்திரை இல்லை.

2 ஐப்பசி
இரண்டு ஆட்டம் வெளியே இருக்கவேணும். அறுபது டொலரையும் தர்மத்துக்குக் குடுக்கவேணும். படிப்பு தப்பிச்சுது.
சவிரிமுத்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனானாம். போகட்டும். சுவாமிமார் வெளியில் சொல்லமாட்டினம்.

12 மாசி 2009
றெபேக்கா தொலைபேசி எடுத்தாள். அதே கல்லூரி, அதே அலுவலகம். விதிமுறைக் கதிரையில் இப்ப அவள். ஆரிட்டைக் காசு வாங்கினாய் எண்டு பிள்ளையளைக் கேட்கிற உத்தியோகம் — சம்பளத்தோடை.

ஒரு பொடியன் ஆட்டம் வெல்ல, மாமன்மார் நோட்டு மாலை போட்டுவிட்டார்களாம். மூன்று மாமன்மாரும் கடிதம் குடுத்திருக்கினம். ஆரும் முன்னே பேசவில்லையாம்.
நீ என்ன செய்தாய் எண்டேன்.
"நம்பிட்டன், அப்பப்பா."

பேந்து, எங்கட கடிதம் இன்னும் அங்கே கோப்பில் கிடக்குது எண்டாள். அதிலை கையெழுத்து வைச்ச ஆக்களில் இப்ப ஆர் உயிரோடை இருக்கினம் எண்டு கேட்டாள்.

எமிலியானுசை நாலு வருசத்துக்கு முன்னம் அடக்கம் பண்ணினோம். சவிரிமுத்து போன மாரியில் போனான். என்னை விட்டால், கிறிஸ்தோப்பர் ஒருத்தன்தான்.