கண்ணை மூடிக்கொண்ட நோயாளிக்கு

என் அருமை அப்பா,

கிங்ஸ்பரியில் மழை. உங்கள் நாற்காலியில் அம்மா துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறார். நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா?

இளம் டாக்டர்களின் பரீட்சைக்கு நோயாளியாகப் போய்ப் படுப்பீர்களே, இன்று முழுக்க அதே நினைவு. பழுதான வால்வின் சத்தம் உங்கள் நெஞ்சில் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று கூப்பிடுவார்கள். நீங்களும் கலியாண வீட்டுக்குப் போவதுபோல் மடிப்புக் கலையாத சட்டையோடு புறப்படுவீர்கள்.

திரும்பி வந்து தீர்ப்பும் சொல்வீர்கள். "அந்தப் பெடியன் தங்கம். கையைச் சூடாக்கிப்போட்டுத்தான் தொட்டவன். நெஞ்சிலை ஒரு சத்தமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டான், பாவம். அதுக்காகப் பெயில் விடுறதோ?" என்று ஒருமுறை கொதித்தீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அப்பா, உங்கள் வால்வை முதலில் கண்டுபிடித்த டாக்டர் ஒருநாளும் சிரித்ததில்லை. அவரால்தான் நீங்கள் பிழைத்திருந்து என் மகனை உங்கள் கையால் தூக்கினீர்கள். இருவரில் யார் நல்ல டாக்டர்?

இப்போது அந்தக் கேள்வி என் தலையில். பயிற்சி டாக்டர்களை என்னைப் போன்ற மூத்த டாக்டர்கள் வார்டிலேயே நின்று கவனித்து மதிப்பிடும் புதுமுறை வந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்த தேன்மொழியை, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கத் தனியே விடலாம் என்று நான் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அவள் இந்த வருடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். வேறு டாக்டர் கூட நின்றால் பிசகே இல்லையாம். நான் நின்றால்தான் கை நடுங்குகிறது.

"நீங்க பார்க்கிறீங்கன்னு நெனச்சாலே உதறுது, மேடம்," என்றாள்.

நான் பார்க்கும்போது இருக்கிற கையா, பார்க்காதபோது இருக்கிற கையா, எது அவளுடைய கை? யாரோ சொல்லக் கேட்டு ஒரு நோயாளியின் முதுகை அவளிடம் ஒப்படைக்க முடியுமா?

பரீட்சையில் ஏன் கண்ணை மூடிக்கொண்டு படுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மார்க் போடுற ரெண்டு பேர் முறைச்சுக்கொண்டு நிக்கினம். நானும் பாத்தால் பிள்ளை பயந்துபோடும்," என்றீர்கள்.

நாளைக் காலை மறுபடியும் தேன்மொழியின் முறை. அவள் தோளுக்குப் பின்னால் நிற்காமல், குனிந்திருக்கும் நோயாளியின் முன்னால் நின்று கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். எட்டிப் பார்த்தால் ஊசியும் தெரியும். நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருந்து கண்ட விஷயமும் அங்கிருந்து எனக்குத் தெரியுமா?

ஊசி பிசகினால் கையெழுத்து இல்லை, கோபிக்காதீர்கள். உங்களைப் போல் கண்ணை மூட என்னால் ஏலாது அப்பா. ஆனால் அந்த நோயாளியைத் தொடுமுன் கையைச் சூடாக்கிக்கொள்வேன், சத்தியம்.

குளிர்ந்த கைக்காரி என்று நீங்கள் கடைசிவரை பாஸ் போடாத,
உங்கள் மூத்த மகள்