லைட் மாறும்வரை

ஜூன் 3

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்பதால், "நல்லா இருக்கோம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடிவதில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பா நன்றாக இல்லை.

நீ வேலைக்காக அங்கே போன பிறகு வந்தது இது. அப்பாவுக்குப் பெருங்குடலில் புண். டாக்டர் சீட்டில் எழுதிய பெயரை நூலகத்தில் தேடிப் படித்தேன். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அப்பா செய்த எந்தத் தப்பாலும் வந்ததில்லை. மாத்திரையால் அடங்கும், பிறகு திரும்ப வரும், அடியோடு விட்டுப் போகாது.

புத்தகத்தில் இல்லாததை நான் வீட்டில் பார்க்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் அவசரத்துக்குக் கழிப்பறையைத் திறந்துவிடுவார் என்பது அப்பாவுக்கு மனப்பாடம். வெளியே போகிற நாளில் காலையிலிருந்து பட்டினி. பையில் எப்போதும் இன்னொரு கால்சட்டை. என் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர் உள்ளே உட்காராமல் வாசலோடு நின்றுவிட்டார். நான் மேடையிலிருந்து தேடிவிட்டு, வரவேயில்லை என்று அழுதேன். மாடிவீட்டு மாமா, எல்லா வீட்டுக்கும் பொதுவான நம் கழிப்பறையின் கதவைத் தட்டி, "என்னப்பா, உள்ளயே குடித்தனம் பண்ணிட்டியா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். வெளியே வரும் முகத்தில் சிரிப்பு இருக்காது.

இனி நாடக அரங்கு. அப்பா விளக்குகளை இயக்கும் லைட் போர்டு இருக்கும் பரணுக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், உனக்குத் தெரியும். சனிக்கிழமை காட்சி நடுவே மேடையை இருட்டாக்கிவிட்டு அப்பா இறங்கி ஓடியிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் ராஜா சிம்மாசனத்தில் இடித்துக்கொண்டு குப்புற விழுந்துவிட்டார். ஒரே விசில். ஃபியூஸ் போய்விட்டது என்று அப்பா சொன்னதை மேனேஜர் நம்பவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. விளக்குகளைத் தவிர அவர் ஆசையாகப் பேசுகிற விஷயம் வேறில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் "ம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

உன் அன்பு மகள்


ஜூன் 10

என் புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வராமல் இருந்தாரே! அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார முடியாதவர் எப்படி வருவார் என்பது இப்போதுதான் புரிகிறது. நான் என்னென்னமோ நினைத்துக்கொண்டு, போனில் அவருக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி வருவதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஏங்க, இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நாள் பூரா நான் என்னத்தை அலசிக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? முகம் தெரியாதவங்க துணியெல்லாம் என் கையிலதான் வருது. ஒரு நாள் மூக்கைச் சுளிச்சதில்லை. உங்க கால்சட்டைக்கு மட்டும் எங்கிட்ட வெட்கமா? மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஃபியூஸ் எத்தனை தடவைதான் போகும்?

படித்தாயா? அவர் உன்னிடம் கோபித்துக்கொண்டால் பொறுத்துக்கொள். லீவு கேட்டிருக்கிறேன். அவர் வர வேண்டாம், நானே வருகிறேன்.

அம்மா


ஜூன் 16

அன்புள்ள அம்மா,

படித்தேன். "எங்கிட்ட வெட்கமா" என்ற இடத்தில் அப்பா எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார். வயிற்றுக்காகப் போனாரா, அழப் போனாரா என்று கதவுக்கு வெளியே நின்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்ததும், "சொல்லாதேன்னுதானே சொன்னேன்?" என்றார்.

மறுநாள் அவராகவே, "அரங்குக்கு வா. நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடு. எனக்கு வாய் வராது" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்ப்பா. நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஒத்திகை நடக்கும் அறையில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரத்தம் போவதையும் சொன்னார். மேனேஜர் காதைச் சொறிந்தார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது ஆள் வைக்க எனக்கு வசதியில்லையேப்பா."

எந்த நாடகத்திலும் ராணியாகவே வருவதால் ராணியம்மா என்று பெயர் வாங்கிய நடிகை மூலையில் கிரீடத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். "ஆள் எதுக்கு? போர்டைக் கீழே இறக்கி, பக்கவாட்டுக் கதவுகிட்ட வைங்க. கழிப்பறை அங்கேதான இருக்கு. தம்பி போகணும்னா மேடையில இருக்கிற லைட்டை அப்படியே விட்டுட்டுப் போகட்டும். லைட் மாறுற வரைக்கும் நாங்க சீனை முடிக்க மாட்டோம், பேசிக்கிட்டே இருப்போம். எனக்கு வசனம் கம்மின்னு எத்தனை வருஷமா சண்டை போடுறேன்!"

"நீ பேச ஆரம்பிச்சா ஜனங்க எழுந்து போயிடுவாங்களே!" என்றார் மேனேஜர்.

"போகட்டும். கழிப்பறைப் பக்கம் மட்டும் போகக் கூடாதுன்னு சொல்லிடு."

அப்பா சிரித்துவிட்டார், அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. மேனேஜர் மட்டும், "சனிக்கிழமை ஒரு தடவை பார்ப்போம். சரிப்படலைன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

உன் அன்பு மகள்


ஜூன் 22

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை அப்பா சொல்லித்தான் எழுதுகிறேன். "நடந்தது அத்தனையும் எழுது. நான் ஓடினதையும் எழுது" என்றார்.

நேற்று எனக்கு ஓர இருக்கை. திரை இடுக்கு வழியாக அப்பாவின் நாற்காலி தெரிந்தது. இடைவேளைவரை ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் காட்சியில், ராணி தன் மகளின் மடியில் தலைவைத்து "போய் வருகிறேன்" என்று கண்ணை மூட வேண்டும். உடனே மேடை இருட்டாக வேண்டும்.

ராணியம்மா கண்ணை மூடினார். இருட்டாகவில்லை. நாற்காலி காலி.

மேனேஜர் விறுவிறுவென்று போர்டை நோக்கி வந்து கையை நீட்டினார். அப்போது செத்துப்போன ராணி எழுந்து உட்கார்ந்து, அந்தப் பக்கம் பார்த்துக் கர்ஜித்தார்: "யாரும் விளக்கைத் தொடாதீர்கள்! நான் இன்னும் பேசி முடிக்கவில்லை!"

மேனேஜரின் கை பின்வாங்கியது. அரங்கில் சிரிப்பு. ராணியம்மா அசரவில்லை. குதிரைகளை யாருக்குக் கொடுக்க வேண்டும், அரண்மனைக் கூரை எங்கே ஒழுகுகிறது, கிளிக்கு யார் தீனி வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். மகளாக நடித்தவர் விக்கி விக்கி அழுதுகொண்டே, "அம்மா, யானைகள்?" என்று எடுத்துக் கொடுத்தார். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவர்களை முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "சாகப் போற மனுஷி, பேசட்டும் விடுங்கய்யா" என்றார். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார். போர்டுக்குப் பக்கத்தில் மேனேஜரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மேனேஜர் ஒதுங்கி, நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் போட்டார்.

ராணியம்மா அதைப் பார்த்துவிட்டார். "அவ்வளவுதான் மகளே, சொல்ல வேண்டியது வேறொன்றும் இல்லை" என்று சொல்லி மறுபடியும் மடியில் சாய்ந்தார். அப்பா அவசரப்படாமல் உட்கார்ந்து, போர்டின் கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். விளக்குகள் அணைந்தன.

உன் அன்பு மகள்