கூவம் ஆறான வருடம்

அக்டோபர் 6, ஞாயிறு

சைக்கிள்கள் இரண்டையும் அரசு இன்று துடைத்து, எண்ணெய் விட்டு, மாடிப்படிக்குக் கீழே சாய்த்துப் பழைய போர்வையால் மூடிவிட்டான். காய்ச்சல்காரர்கள் மாதிரி படுத்திருக்கின்றன. "ஒரு வருஷம்தானே" என்றான். ஒரு வருஷம் 'தானே'யாம்! கல்யாணமானதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நாங்கள் வீட்டில் இருந்ததில்லை. செம்பரம்பாக்கம், பூண்டி, பழவேற்காடு என்று மிதித்துத் தள்ளிய கால்கள் இவை. பள்ளியில் நான் பி.டி. டீச்சர். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுகிறேன்.

டாக்டரம்மா சைக்கிளைத்தான் நிறுத்தச் சொன்னார். "நல்லா நடங்க. ரயில்ல போங்க. குலுக்கல் மட்டும் வேண்டாம்." அவர் சொன்னது பள்ளிக்கூடம் போய் வருவதற்கு. நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு. இனி ஞாயிறுதோறும் ஆவடியில் ரயிலேறுவது, இதுவரை இறங்காத ஏதாவதொரு ஸ்டேஷனில் இறங்கி நடப்பது.

இன்று திருநின்றவூர். ஏரிக்கரையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அவித்த வேர்க்கடலை வாங்கித் தின்றேன். அதே கரையில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் வேர்க்கடலை தின்றேன். அரசு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அக்டோபர் 10

சாம்பார் தாளிக்கிற வாசனை ஆகவில்லை. ரயில் பிரேக் தீய்கிற வாசனை பிடிக்கிறது. உள்ளே இருப்பது யார்?

அக்டோபர் 27, ஞாயிறு

புட்லூர் அம்மன் கோயில். அத்தையும் வந்தார். அரசின் அம்மா வேம்புலியம்மாளை வெளியில் கூட்டிப்போவது சுலபமில்லை. ஆனால் அம்மன் என்றால் எங்களுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொள்வார்.

அங்கே அம்மன் நிறைமாதக்காரியாக மல்லாந்து படுத்திருக்கிறாள். உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும், மேடிட்ட வயிறு. எத்தனையோ சாமியைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ நம்மை வேலை வாங்குகிற மாதிரி இருக்கும். இவள்தான் 'முடியலடி' என்று படுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

திரும்பும்போது ரயிலில் அத்தை சட்டங்களை எடுத்து விட்டார். புருஷன் மலை ஏறக் கூடாது. நான் பூசணிக்காய் வெட்டக் கூடாது. அப்புறம்: "தபாரும்மே, வளையல் போட்ட பொண்ணு புள்ள பெத்துக்கிற வரிக்கும் ஆத்தைத் தாண்டக் கூடாது. எங்க வகையறால யாரும் தாண்டுனது இல்ல."

"அப்போ நான் பூந்தமல்லிக்கு எப்படிப் போறது அத்தை? நடுவுல கூவம் இருக்கே?"

"கூவமா? அது இன்னா ஆறா? சாக்கடம்மே! மூக்கைப் புடிச்சிகினு போய்கினே இரு."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

பூந்தமல்லியில் இருப்பது என் அம்மா மங்களம். அப்பா இருந்தவரை நாங்கள் பட்டாபிராமில் குடியிருந்தோம். நான் பிறந்தது மட்டும் பூந்தமல்லியில், அம்மாவைப் பெற்ற வீட்டில். அப்பா போனபிறகு அம்மா அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அங்கே தனியாக, என் ஏழாம் மாதத்துக்காகக் காத்திருக்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை. ஜன்னலோரம் படுத்துக்கொண்டு எங்கள் கோவில்பதாகை முழுவதும் மெதுவாக மிதந்து போவதாக நினைத்துக்கொண்டேன். தெரு, கேபிள் ஒயர்கள், எதிர்வீட்டு மாடியில் நனையும் துணிகள், எல்லாம். எனக்குள் ஒரு ஏரி, அதில் ஒரு மீன். அந்த மீனுக்கு வெளியே மழை பெய்வது கேட்குமா?

அரசு வந்து காலைப் பிடித்துவிட்டான். எதைப் பேசவில்லை என்று இருவருக்கும் தெரியும். தை மாதம் வளையல் போட்டதும் அம்மா என்னை அழைத்துப் போய்விடுவாள். பிரசவம் அங்கே, குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தபிறகுதான் இங்கே. இவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. வாரத்தில் ஒருநாள் விருந்தாளி மாதிரி வந்து, காபி குடித்துவிட்டு, அம்மா எதிரில் என்னை 'வாங்க போங்க' என்று கூப்பிட்டுவிட்டுப் போவான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. இதை எழுதத்தான் முடிகிறது. அம்மா அந்த அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டாள். நேற்று போனில், "ஃபேன் காத்து நேரா உன் மேல படாத மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டேன்டி" என்றாள். இவளிடம் எந்த வாயால் சொல்வது?

டிசம்பர் 22, ஞாயிறு

அசைந்தது! நெமிலிச்சேரியில் ரயில் நிற்கும்போது. வாயு என்று நினைத்தேன். மறுபடியும். அரசின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். எதிர்சீட்டில் இருந்த அம்மாள் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வேப்பம்பட்டு வரை கையை எடுக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பருத்திப்பட்டுப் பாலத்தில் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டோம். அரசு கையை எடுத்துவிட்டு, "இது எங்கே பொறக்குதுன்னு பார்த்துட்டு வரலாமா?" என்றான். இப்படிக் கேட்கிறான் என்றுதானே இவனைக் கட்டிக்கொண்டேன்.

இன்று கடம்பத்தூரில் இறங்கினோம். அரசின் மாமா எத்திராஜ் அங்கே சவாரி விட்டவர். அவர் சொல்லிவைத்த ஆட்டோ நிதானமாகப் போயிற்று. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "இதாங்க கூவம்" என்றார் டிரைவர். நாங்கள் நம்பவில்லை. மணல். மணல்மேல் கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. நாணல். இரண்டு எருமைகள் நடு ஆற்றில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தன. மீன்கொத்தி ஒன்று நீலமாக விழுந்து நீலமாக எழுந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சில்லென்றிருந்தது. குட்டி மீன்கள் கால் விரலைக் கொத்தின. உள்ளே இருப்பதும் ஒரு உதை விட்டது. இவ்வளவு நாள் இதைப் பார்த்தா மூக்கைப் பொத்திக்கொண்டோம் என்று வெட்கமாக இருந்தது. அரசு வீடியோ எடுத்தான்.

அங்கிருந்து அணைக்கட்டு வரை போனோம். பிறக்கிற இடமென்று சுனை மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கொசஸ்தலை ஆற்றை மறித்துக் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து பிரிந்து வருகிறது. "ஒரு ஆத்துக்கு இன்னொரு ஆறு அம்மா" என்றான். வரும் வழியெல்லாம் அவன் தோளில் தூங்கினேன்.

ஜனவரி 20

காலையில் அரசு பெருமை தாங்காமல் அந்த வீடியோவை அத்தைக்குக் காட்டினான். அத்தை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

"இது எந்த ஊரு ஆறுடா?"

"கூவம்மா."

"ஆக்கா. கூவமா இது?" போனை அரசிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அப்ப ஆறுதானடா இது" என்றார்.

அவ்வளவுதான். கீரை ஆயப் போய்விட்டார். எனக்குத்தான் ரயிலில் அவர் சொன்ன சட்டம் ஞாபகம் வந்தது.

ஜனவரி 23

அத்தை எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரசிடம் மட்டும் சொன்னேன். நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லைதானே? ஊர் சுற்றப்போனோம், ஒரு படம் எடுத்தோம். அதற்காக உள்ளுக்குள் குதிக்கிற இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? போனில் அம்மா தலையணை உறை தைத்ததைச் சொன்னாள். "ம்" கொட்டினேன். பெற்றவளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கை இரண்டிலும் முழங்கை வரை வளையல். எழுதினால் சத்தம். எழுதாமல் தூக்கம் வராது.

அம்மா ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சந்தனம் பூசினார்கள், வளையல் போட்டார்கள், ஒரு பெரியம்மா பாட ஆரம்பித்து இரண்டாம் அடியை மறந்துவிட்டார். எல்லாம் நன்றாகவே நடந்தது. வாசலில் கார் வந்து நின்றது. அம்மா என் பெட்டியைத் தூக்கினாள்.

"சம்பந்தியம்மா," என்றார் அத்தை. "நேத்திலேருந்து தூக்கமே இல்ல எனக்கு. எப்டி சொல்றதுன்னு கூட தெர்ல. வழியில ஆறு கீது."

"ஆறா? எங்கே?"

"கூவம்."

அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. வீடியோ எல்லாக் கைகளுக்கும் போய்வந்தது. பிறகு ஆளாளுக்கு வழி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். அம்பத்தூர் வழியா? தாண்டணும். திருவேற்காடு? தாண்டணும். வெளிவட்டச் சாலை? அங்கேயும் பாலம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு எந்தப் பக்கம் போனாலும் கூவம் குறுக்கே படுத்திருக்கிறது. நாற்பது வருடம் வண்டி ஓட்டிய எத்திராஜ் மாமா கடைசியில் தொடையைத் தட்டி, "இன்னாத்துக்கு ரோசன? ஆறு ஆரம்பிக்கிற எடத்தையே சுத்திகினு போய்டலாம். டீசல் என்து" என்றார்.

அரசு சும்மா இருந்திருக்கலாம். "முடியாது மாமா. அங்க வேற ஆறு இருக்கு. நாங்க போய் பார்த்துட்டுத்தான் வந்தோம்" என்றான்.

எத்திராஜ் மாமா கையை விரித்தார். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எப்போது அவன் சட்டையைப் பிடித்தேன் என்று தெரியாது. வளையல் சத்தம் கேட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வழக்கத்துக்கு மாறா எதுக்கு அண்ணி?" என்றாள். அந்தப் பெரிய காரில் தனியாக ஏறிப் போனாள்.

ஐயோ அம்மா.

பிப்ரவரி 10

போன் எடுக்கவில்லை. ஆறு தடவை.

பிப்ரவரி 11

எடுத்தாள். "துணி துவைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அரசு, "நான் கொண்டுபோய் விடட்டுமா? நீ சொல்லு, இப்பவே" என்றான். போய்விடலாமா? அத்தைக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு என்ன பதில் சொல்வது?

பிப்ரவரி 13

விடிந்ததும் வாசலில் ஆட்டோ. அம்மா! இரண்டு பை, ஒரு பாய், பிரசவ மருந்துச் சாமான் மூட்டை, தொட்டிலுக்குப் பழைய பருத்திப் புடவைகள். அந்தத் தலையணையும்.

"நான் தாண்டலாமில்ல அண்ணி? எனக்குத் தோஷம் ஒண்ணும் இல்லையே?"

"உள்ள வாம்மா மொதல்ல" என்றார் அத்தை, தலையணையை வாங்கிக்கொண்டு.

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "வயித்தை நசுக்காதடி" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 30, ஞாயிறு

தூரம் போக முடியவில்லை. அதனால் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கே நடை. முன்னால் அம்மாவும் அத்தையும் ரசத்துக்கு மிளகு முதலிலா சீரகம் முதலிலா என்று சண்டை போட்டுக்கொண்டு; பின்னால் நானும் அரசும், நத்தை வேகத்தில். தண்ணீர் முழுக்க ஆரஞ்சு நிறம். கரையில் உட்கார்ந்து அத்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என் கால்களை மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சாயங்காலம் முடியவே வேண்டாமென்று தோன்றியது.

மே 5

பெண். நேற்று மாலை. அரசு பக்கத்திலேயே இருந்தான். என்னைவிட அதிகமாக வியர்த்தான். அவளுக்கு அவன் கால்விரல்கள். எனக்கு எழுத முடியவில்லை. தூங்கித் தூங்கி விழித்துப் பார்க்கிறேன், இருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

முப்பது கழிந்துவிட்டது. இன்று அம்மா என்னையும் பாப்பாவையும் பூந்தமல்லிக்கு அழைத்துப்போனாள். அத்தை தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். அரசு முன்சீட்டில்.

பருத்திப்பட்டுப் பாலத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். கறுத்த தண்ணீர், ஆகாயத்தாமரை, நாற்றம். ஆனால் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். கூவத்தில் காசு போடுகிற ஆளை இன்றுதான் பார்த்தேன்.

"பாருடி குட்டி," என்று பாப்பாவிடம் சொன்னாள். "உங்க அம்மாவை வயித்துல வெச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் வளையலோட, பட்டாபிராம்லேருந்து இந்த வழியாத்தான் எங்க அம்மாகூட நான் வந்தேன். ஒண்ணும் ஆகல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வீடு பட்டாபிராம். நான் பிறந்தது பூந்தமல்லி. இத்தனை நாள் இதைச் சேர்த்துப் பார்க்கவே தோன்றவில்லையே எனக்கு!

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா அத்தை விட்டிருப்பாங்களேம்மா? ஏன் சொல்லல?"

அம்மா பாப்பாவின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"நீ மாப்பிள்ளை சட்டையைப் புடிச்சிட்டு நின்னியே" என்றாள்.